கண்ணோரத்து வெள்ளை முடி

ஒரு குதிரையை முதல்முறை பார்க்கும்போது என் அக்கா அதன் முகத்தைப் பார்க்கமாட்டாள். இடது காதிலிருந்து தொடங்குவாள். காது, கழுத்து, தோள், முன்னங்கால், வயிறு, பின்னங்கால் என்று வாலைச் சுற்றிக்கொண்டு வலது பக்கமாகத் திரும்பி வந்து, கடைசியில்தான் நெற்றிக்கு எதிரே நிற்பாள். முப்பது வருஷமாக இதே வரிசைதான். எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தாலும் ஒரு பக்கமாக நின்று பார்ப்பாள் என்று என் மனைவி கேலி செய்வாள்.

அக்காவுக்கு வேலை, குதிரைகளுக்கு அடையாளத் தாள் எழுதுவது. மனிதனுக்குக் கைரேகை மாதிரி குதிரைக்குச் சுழி. முடி எங்கெங்கே சுழன்று நிற்கிறது என்பது பிறக்கும்போது எப்படியோ சாகும்போதும் அப்படியே இருக்கும். தாளில் குதிரையின் இடது பக்கம், வலது பக்கம், முகம், கால்கள் எல்லாம் வெறும் கோட்டுப் படமாக அச்சிட்டிருக்கும். சுழி இருக்கும் இடத்தில் கறுப்பு மையில் பெருக்கல் குறி. வெள்ளை முடி இருக்கும் இடத்தைச் சிவப்பு மையில் வரையவேண்டும். வெள்ளைத் தாளில் வெள்ளையை வேறு எப்படிக் காட்டுவது? கடைசியில் கையெழுத்து, அதன்மேல் அக்காவின் முத்திரை. இந்தத் தாள் இல்லாத குதிரை கப்பல் ஏறாது, பந்தயத்தில் நிற்காது, தாய் தகப்பன் வம்சத்தைப் பதியும் இனப் புத்தகத்திலும் சேராது.

நான் அவளுடைய தம்பி. வேன் ஓட்டுவது, தாளில் எழுதுவது, உதை வாங்குவது மூன்றும் என் பொறுப்பு. எனக்கு உச்சந்தலையில் இரட்டைச் சுழி. அதனால்தான் ஒரு வேலையிலும் நிலைக்கவில்லை என்று அக்கா முடிவுகட்டி என்னைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். சேர்ந்து பதினாறு வருஷமாகியும் குதிரையைக் கண்டால் நான் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன்.

எங்கள் வேலையில் இரண்டு சுற்று உண்டு. முதல் சுற்றில் அக்கா குதிரையைச் சுற்றி நடந்தபடி உரக்கச் சொல்வாள், நான் எழுதுவேன். இரண்டாவது சுற்றில் எழுதியதை நான் வாசிப்பேன், அவள் ஒவ்வொன்றையும் குதிரையின் மேல் விரல் வைத்துக் காட்டுவாள். விரல் வைக்க முடியாதது தாளில் இருக்கக்கூடாது. தாளில் இல்லாதது குதிரையில் இருக்கக்கூடாது. இரண்டாவது சுற்று முடியாமல் அவள் முத்திரையை வெளியே எடுக்கவே மாட்டாள்.

இந்த இரண்டு சுற்றையும் நாங்கள் எத்தனை விதமான மிருகங்களுக்குச் செய்திருக்கிறோம்! ஃபிரீசியன் என்று ஒரு இனம், தலைமுதல் குளம்புவரை கறுப்பு. சிவப்பு மைக்கு வேலையே இல்லை. ஃபியோர்டு குதிரைகள் அதைவிட மோசம். நாற்பது வந்து நின்றன, நாற்பதும் ஒரே மணல் நிறம், முதுகில் ஒரே கறுப்புக் கோடு, எல்லாவற்றுக்கும் பிடரியைக் கத்தரித்து நிமிர்த்தி வைத்திருந்தார்கள். சுழியை வைத்து அவற்றைப் பிரித்து எழுத இரண்டு நாள் ஆயிற்று. அகால்டெக்கே குதிரை வெயிலில் நின்றால் தேய்த்துக் கவிழ்த்த பித்தளைக் குடம் மாதிரி மின்னும். எந்த நிறம் என்று எழுதுவதற்கே அக்கா அதை நிழலுக்கும் வெயிலுக்கும் மாற்றி மாற்றி நிறுத்தினாள். மார்வாரிக் குதிரைக்கு இரண்டு காதும் உள்பக்கமாக வளைந்து உச்சியில் முட்டிக்கொள்ளும். ஷெட்லாண்டு குட்டைக்குதிரை என் இடுப்பு உயரம்கூட இல்லை. அது என்னைக் கடித்த இடத்தை இங்கே எழுத முடியாது.

விலங்குப் பூங்காவில் காட்டுக் கழுதைகளுக்கும் எழுதியிருக்கிறோம். நாட்டுக் கழுதை மாதிரி தேமே என்று நிற்கும் என்று நம்பிப் போனேன். கியாங் என்கிற இனம்தான் காட்டுக் கழுதைகளிலேயே பெரியது. அதில் ஒரு ஆண் எங்களை வேனுக்குள் துரத்திவிட்டு ஒருமணி நேரம் கதவருகே காவல் நின்றது. அக்கா கண்ணாடி வழியாகத் தொலைநோக்கியில் மற்றதுகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள், நான் மடியில் தாளை வைத்து எழுதினேன். "அதுக்கு நம்ம மேல ஒரு கோபமும் இல்லடா. அதோட இடத்துல நாம நிக்கிறோம், அவ்வளவுதான்" என்றாள். சோமாலியக் காட்டுக் கழுதை எனக்குப் பிடிக்கும். உடம்பு சாம்பல், கால்களில் மட்டும் வரிக்குதிரைக்கு இருப்பதுபோல வரி. யாரோ அதற்குக் காலுறை மாட்டிவிட்டதுபோல இருக்கும்.

அக்காவுக்கு இதில் எந்த இனமும் உசத்தியில்லை, எதுவும் மட்டமில்லை. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களை அவள் பார்த்த பார்வையில் இரண்டாம் தடவை யாரும் கேட்கவில்லை. எங்களோடுதான் இருக்கிறாள். நடைவழியில் பாதி இடத்தை அவளுடைய அட்டைப்பெட்டிகள் அடைத்திருக்கும். மூவாயிரத்துச் சொச்சம் தாள்களின் நகல். ஒன்றைக்கூட யாரும் தப்பு என்று திருப்பி அனுப்பியதில்லை. அதைப் பற்றி அவள் பெருமை பேசமாட்டாள். ஆனால் வேறு யாராவது எழுதிய தாளில் தப்பு வந்தது என்று கேள்விப்பட்டால் அன்று முழுக்க முகத்தில் ஒரு பளபளப்பு இருக்கும். நானும் கவனித்திருக்கிறேன், என் மனைவியும் கவனித்திருக்கிறாள்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் மிருகங்களை முதலில் நிறுத்திவைத்துச் சோதிக்கும் கொட்டகையின் டாக்டர் பேசினார். ஒரு பெட்டைக் குதிரை வந்து இறங்கியிருக்கிறது, அதோடு வந்த தாளில் அக்காவின் முத்திரை இருக்கிறது, ஆனால் தாளில் இருக்கும் குதிரை இது இல்லை.

"தாள்ல என்ன இருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"கிளீவ்லாந்து பே இனம். செம்பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி, கறுப்பு வால். தாயும் செம்பழுப்பு, தகப்பனும் செம்பழுப்பு."

"வந்து நிக்கிறது?"

"வெள்ளைங்க."

அந்தக் குதிரைக்கு ஒன்பது வயது. அதை வைத்திருந்தவர் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கும் டீச்சர். இரண்டு வருஷம் வெளிநாட்டில் வேலை பார்த்தார், குதிரையையும் கூடவே கூட்டிப்போயிருந்தார். வெளியே போவதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, அந்த நாட்டிலும் தாளைப் புரட்டிப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். இங்கே உள்ளே வரும்போதுதான் கண் திறக்கிறது. டாக்டர் விதியைச் சொன்னார். தாளோடு பொருந்தாத மிருகம், எங்கிருந்து வந்ததென்று தெரியாத மிருகம். உள்ளே விட முடியாது. அனுப்பிய நாடும் திருப்பி எடுக்காது. வியாழக்கிழமை மதியத்துக்குள் தாள் எழுதியவர் நேரில் வந்து இதுதான் அது என்று எழுதிக்கொடுக்காவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள்.

அக்கா போனை வைத்துவிட்டு அட்டைப்பெட்டியிலிருந்து நகலை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். தேதியைப் பார்த்தேன். அது என் மகள் பிறந்த நாள்.

அன்று நடந்தது எனக்கு வரிவரியாக ஞாபகம் இருக்கிறது. குட்டி பிறந்து ஒருநாள்தான் ஆகியிருந்தது. அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள், நான் எழுதிக்கொண்டே போனேன். நெற்றிக்கு வந்தபோது என் சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவிக்கு வலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள். நான் போனைக் காதில் வைத்திருக்கும்போதே அக்கா கடைசி வரியைச் சொன்னாள்: "கண்ணோரத்துல நாலஞ்சு வெள்ளை முடி. ரெண்டு கண்ணுலயும்." எனக்கு அது காதில் விழுந்தது. ஒருநாள் குட்டி, தாயின் மடியில் முட்டி முட்டிப் பால் குடிக்கிறது, பால் காய்ந்து ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதாமல் விட்டேன். இரண்டாவது சுற்றைக் கடகடவென்று வாசித்து முடித்தேன். தாளில் இல்லாததை நான் எப்படி வாசிப்பேன்? அக்கா முத்திரை குத்தினாள், வேனைப் பறக்கவிட்டேன்.

குதிரையோடு பழகாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வெள்ளைக் குதிரைகளில் அநேகமாக எதுவும் வெள்ளையாகப் பிறப்பதில்லை. கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து வருஷா வருஷம் நரைத்துக்கொண்டே போகும். லிப்பிசானர் குதிரைகளைப் பாருங்கள், குட்டியெல்லாம் கரிக்கட்டை, தாயெல்லாம் பால் வெள்ளை. நரைக்கப்போகும் குட்டிக்கு அடையாளம் கண்ணைச் சுற்றி முளைக்கும் வெள்ளை முடிதான். இன்னொன்றும் உண்டு. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றாவது நரைக்கும் குதிரையாக இருக்கவேண்டும். இரண்டு செம்பழுப்புக்கு நரைக்கும் குட்டி பிறக்காது. ஆக, நான் எழுதாமல் விட்டது நாலைந்து முடி மட்டுமில்லை; அந்தக் குட்டியின் தகப்பன் யார் என்ற கேள்வியையும் சேர்த்து விட்டிருந்தேன்.

இதை அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. விதிப் புத்தகத்தில் இரண்டு வரி எனக்கு மனப்பாடம். தாள் எழுதியவரின் கண் தவறியது என்றால் அவர் முத்திரையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், மற்றத் தாள்கள் செல்லும். அவர் சொன்னதை உடனிருந்து எழுதுபவர் விட்டுவிட்டார் என்றால், அவர் கையால் எழுதிய தாள்கள் அத்தனையும் செல்லாது, ஒவ்வொரு குதிரையையும் மறுபடி சோதிக்கவேண்டும். துறைமுகத்துக்கு மூன்றுமணி நேரப் பயணம். மூன்றுமணி நேரமும் கோழை மாதிரி ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

பாதி வழியில், குட்டி பிறந்த பண்ணையின் முதலாளி அக்காவைப் போனில் கூப்பிட்டார். அவருக்கும் விஷயம் போயிருந்தது. சத்தமாகப் பேசும் ஆள், எனக்கே கேட்டது.

"அக்கா, நீங்க பார்த்த குட்டி வேற, இது வேறன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க தாளுக்கும் பழுது வராது, என் இனப் புத்தகத்துக்கும் பழுது வராது."

"குதிரைக்கு?"

"அது குதிரைதானே அக்கா."

"உங்க பக்கத்துத் தோட்டத்துல அப்போ ஒரு கானமாரா ஆண் குதிரை இருந்துச்சு இல்ல? வெள்ளையா, குட்டையா?"

"இருந்துச்சு."

"வேலி எவ்வளவு உயரம்?"

அவர் போனை வைத்துவிட்டார். கானமாரா என்பது குட்டைக்குதிரை இனம், தாண்டுவதில் மகா கெட்டிக்காரன். அக்கா சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் நகலை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

கொட்டகை நீளமாக, சுத்தமாக, மருந்து வாசனையோடு இருந்தது. கடைசித் தடுப்பில் குதிரை நின்றது. அதன் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக அங்கேயே இருக்கிறாராம். அக்காவைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீங்கதானே தாள் எழுதினது? இது அதேதான்ங்க. ஆறு மாசக் குட்டியிலேர்ந்து என்கிட்டதான் இருக்கு. வருஷத்துக்கு வருஷம் வெளுத்துச்சு, வயசானா எனக்கும்தானே நரைக்குதுன்னு விட்டுட்டேன். அந்தத் தாளை நான் எடுத்துப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தா அப்பவே வந்திருப்பேன்."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றாள் அக்கா. இடது காதிலிருந்து தொடங்கினாள்.

டாக்டர் தாளைப் பிடித்துக்கொண்டார், இளவயது, மரியாதையான ஆள். அக்கா தாளைப் பார்க்காமலே சுழிகளைச் சொன்னாள். கழுத்தின் இடது பக்கம் பிடரியை ஒட்டி ஒன்று, தொண்டையில் ஒன்று, மார்பில் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் வெள்ளை முடியை விலக்கி விரல் வைத்துக் காட்டினாள். வலது பக்கம் ஒன்று. நெற்றியில் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக, மேலே இருப்பது ஒரு விரல்கடை இடப்பக்கம் தள்ளி. டாக்டர் தாளில் ஒவ்வொரு பெருக்கல் குறியையும் பென்சிலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஏழுக்கு ஏழு.

"சுழி எல்லாம் சரியா இருக்கு" என்றார் டாக்டர். "ஆனா நிறம் எப்படிம்மா?"

"தாள்ல இருக்கிற தகப்பன் இதோட தகப்பன் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக் கானமாரா. உயரத்தைப் பாருங்க, கிளீவ்லாந்து பே இவ்வளவு குட்டையா இருக்காது. குதிரை இதுதான். தாள்தான் தப்பு."

டீச்சர் தடுப்பின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்படின்னா பிறந்தப்பவே கண்ணோரத்துல வெள்ளை முடி இருந்திருக்கணுமே?" என்றார் டாக்டர். "தாள்ல இல்லை. ஏன் இல்லைன்னு நான் எழுதியாகணும்."

இதற்குமேல் சும்மா இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. "டாக்டர், அக்கா சொன்னாங்க. என் காதுல விழுந்துச்சு. நான்தான் எழுதாம விட்டுட்டேன்" என்றேன்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவன் எனக்காகப் பொய் சொல்றான் டாக்டர். சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான், நான் மாட்டிக்கிட்டா குறுக்கே வந்து விழுவான். நான் சொல்லலை. பார்த்திருந்தாத்தானே சொல்றதுக்கு? என் கண்ணு தப்பிடுச்சு. அப்படியே எழுதிக்கோங்க."

"அக்கா!"

"நீ போய் வேன்ல இரு."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது. "ரெண்டுல ஒண்ணுதான் எழுத முடியும்" என்றார். அக்கா அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, மேஜையில் குனிந்து, தானே எழுதினாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன், வேனுக்குப் போகவில்லை. அவள் எழுதியது: "இந்தக் குதிரை நான் அன்று அடையாளம் எழுதிய குட்டியே. அன்று கண்ணோரத்து நரைமுடியை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்." கீழே கையெழுத்து. பைக்குள்ளிருந்து முத்திரையை எடுத்து, கடைசியாக ஒருமுறை மைத்திண்டில் அழுத்திக் குத்தி, துணியால் துடைத்து, டாக்டரின் பக்கம் நகர்த்தி வைத்தாள். டாக்டர் அதை உடனே எடுக்கவில்லை. வேறு தாளில் குதிரைக்குப் புதிதாக எழுதினார். நிறம்: வெள்ளை நரை. இனம்: தெரியவில்லை.

"இனம் தெரியாட்டி என்னங்க, அதுக்கு என்னைத் தெரியும்" என்று டீச்சர் தடுப்புக்குள் நுழைந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அக்காவுக்கு நன்றி சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அக்காவும் அதை எதிர்பார்த்தவள்போல் நிற்கவில்லை.

வேனைக் கிளப்பி, துறைமுகத்து வாசலைத் தாண்டும்வரை ஓட்டினேன். அதற்குமேல் முடியவில்லை. ரோட்டோரம் நிறுத்தினேன். எனக்குக் கோபமா, அழுகையா, வெட்கமா என்றே தெரியவில்லை. மூன்றும்தான்.

"எதுக்கு அப்படிச் சொன்னே? முப்பது வருஷ வேலை அக்கா. தப்பு என்னோடது."

"உன் கை தப்புன்னு எழுதினா நீ எழுதினது அத்தனையும் போச்சு. எங்கெங்கேயோ நிக்குதுங்க, ஒவ்வொண்ணையும் மறுபடி இழுத்து நிறுத்திச் சோதிப்பாங்க. அதுல எத்தனை இது மாதிரி கொட்டகையில மாட்டும்? என் கண்ணு தப்புன்னா ஒரு தாளோட போச்சு."

"இருந்தாலும் நீ சொன்னது பொய்தானே? நீ பார்த்தே. சொன்னே. நான் எழுதலை."

அக்கா வெளியே போகும் லாரிகளைப் பார்த்தபடி சொன்னாள்.

"நீ எழுதலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டா. ரெண்டாவது சுத்துல நீ வாசிக்கும்போதே தெரியும். நிறுத்தியிருக்கணும். நிறுத்தினா குட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, தகப்பன் யாருன்னு விசாரிச்சு, இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். உன் கையைப் பார்த்தேன், வேன் சாவியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே. அங்கே உன் பொண்டாட்டி நீ பக்கத்துல இல்லாம வலியில கிடக்கா. ஆறு மாசம் கழிச்சு வந்து திருத்திக்கலாம்னு முத்திரையைக் குத்திட்டேன். அதுக்குள்ள குட்டி கைமாறிடுச்சு. அப்புறம் மறந்துட்டேன். இல்லை, மறந்த மாதிரி இருந்துட்டேன்."

ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அன்று நான் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றபோது மகள் பிறக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"போதும், வண்டியை எடு" என்றாள் அக்கா. "பிள்ளை ஸ்கூல்லேர்ந்து வந்து வாசல்ல நிப்பா."